சிப்பாயின் கோப்பும் கூலியின் பெயரும்: எங்கள் நிலைப்பாடு

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கட்டுவித்த சயாம் மரண ரயில்பாதையில் இறந்த அவுஸ்திரேலிய, பிரித்தானியச் சிப்பாய்களுக்கு இருப்பதைப் போன்ற ஒரு பெயர்ப் பதிவேடு, அதே பாதையில் இறந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கும் வேண்டும். பொது ஆவணக் காப்பகங்களின் செலவிலும் பொறுப்பிலும் அது தொகுக்கப்பட வேண்டும். அதுவரை, அந்தச் சிப்பாய்களின் கோப்புகளையே எங்கள் குடும்பங்கள் தேடிப் படிக்க வேண்டும்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியும் லோரன்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி வாழும் குடும்பங்கள் நாங்கள். பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். சிலர் மலேசியத் தமிழர். எங்களில் பலருக்கு வீட்டுக் கதையில் ஒரு மலாயாப் பென்சனியர் உண்டு: மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராகவோ கிளாக்கராகவோ இருந்து, ஊருக்குத் திரும்பி வந்து கல்வீடு கட்டிய தாத்தா. அதே மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பியே வராதவர்களின் கதையும் எங்களிடம் உண்டு. முதல் வகைக் கதைக்குப் படமும் பென்சன் புத்தகமும் இருக்கின்றன. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஒரு பெயர்தான் மிச்சம்.

ஒவ்வொரு ஆண்டும் நினைவு நாளான நவம்பர் 11 நெருங்கும்போது பாடசாலைகளில் போரில் இறந்த ஒரு கனடியச் சிப்பாயைப் பற்றித் தேடி எழுதச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் பணியாற்றிய கனடியர்களின் கோப்புகளில் 620,000க்கு மேற்பட்டவற்றை நூலகமும் ஆவணக் காப்பகமும் கனடா என்ற அரச நிறுவனம் எண்மப்படுத்தி, 2018இல் அந்த வேலையை முடித்தது. பிள்ளைகள் வீட்டுக் கணினியிலேயே யாரோ ஒரு சஸ்காச்சுவான் பண்ணைப் பையனின் கையெழுத்தைப் பார்த்துவிடுகிறார்கள். பிறகு, “எங்கட பூட்டன்ர கோப்பு எங்க இருக்கு?” என்று கேட்கிறார்கள். அதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய கடமை பெரியவர்களாகிய எங்களுக்கும், ஆவணங்களை வைத்திருக்கும் அரசுகளுக்கும் உண்டு.

அவுஸ்திரேலியாவும் இதில் முன்னணியில் நிற்கிறது. முதல் உலகப் போரில் சேர்ந்த ஏறக்குறைய 376,000 பேரின் கோப்புகளை அதன் தேசிய ஆவணக் காப்பகம் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்துவைத்திருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்தால் சேர்ந்த நாளின் படிவம் வரும்: வயது, உயரம், மார்பளவு, கண்ணின் நிறம், மதம், உடம்பிலுள்ள தழும்பு, நெருங்கிய உறவினர் பெயர், முகவரி. அடுத்து, எந்தக் கப்பலில் போனார், எப்போது காயப்பட்டார், எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று தேதி தேதியாக ஒரு தாள். இறந்தவரென்றால் அவருடைய பொருட்கள் பொதி கட்டி அனுப்பப்பட்ட பட்டியலும் இருக்கும். மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்று தாய் எழுதிக் கேட்ட கடிதமும், அதற்கு அதிகாரி எழுதிய பதிலும்கூடச் சில கோப்புகளில் உள்ளன. ஒரு சாதாரண மனிதனை அரசு இவ்வளவு தூரம் எழுதிவைத்தது என்பதை நாங்கள் மதிப்போடுதான் பார்க்கிறோம். எங்கள் ஆட்களுக்கும் அதுவே அளவுகோலாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இனி ரயில்பாதைக்கு வருவோம். சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீற்றர். 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 13,000 அவுஸ்திரேலியப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். சுமார் 2,800 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு இப்படித் துல்லியமாக இல்லை. இரண்டு இலட்சம் பேர்வரை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்றும், ஏறக்குறைய 90,000 பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும் பங்கு தோட்டத் தமிழர். கொலரா வந்த முகாம்களில் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள்.

போர்க்கைதிகள் தங்கள் இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் ஒளித்து எழுதிவைத்தார்கள். 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு தேடுதல் குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தமிழர்கள் புதைக்கப்பட்ட குழிகளைத் தேடிப்போக அப்படியொரு குழு அமைக்கப்படவில்லை. எங்களுக்கு இது மிகவும் வலிக்கிறது. இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரின் உறவினர்கள் இந்தத் தெருக்களிலும் வாழ்கிறார்கள். பட்டியல் இல்லாத சாவு ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் சிப்பாயின் கோப்பில் எங்களுக்கு என்ன வேலை? 1943இல் சிங்கப்பூர்ச் சாங்கியிலிருந்து ‘கே படை’, ‘எல் படை’ என்ற பெயரில் போர்க்கைதிகளான மருத்துவர்களும் உதவியாளர்களும் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரித்தானியர் பெரும்பான்மை, கூடவே அவுஸ்திரேலியரும் போனார்கள். மருந்தில்லாமல் எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இவர்கள். இறந்தவர்களை எடுத்துப் புதைத்தவர்களும் இவர்கள்தான். ஆகவே இவர்கள் யார், எந்த முகாமில் எந்த மாதம் இருந்தார்கள் என்பதைச் சேவைக் கோப்புகள், விடுதலைக்குப் பின் கொடுத்த வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள் வழியாகத் தேடினால் தமிழர் முகாம்களின் இடமும் காலமும் துலங்கும். இந்த ஆவணங்களில் தமிழ்த் தொழிலாளர் வரும் பக்கங்களுக்கெல்லாம் தனிச் சுட்டி ஒன்று போடும்படி அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தையும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் கேட்கிறோம்.

“பதிவே இல்லை, பிறகு எப்படி?” என்று சொல்லித் தப்பிக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. பஞ்சாபில் முதல் உலகப் போருக்குப் போன சுமார் 320,000 பேரின் விவரம் கிராமவாரியாக எழுதப்பட்டு, லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யாரும் படிக்காமல் கிடந்தது. பிரித்தானியாவில் வாழும் பஞ்சாபிகளின் மரபுரிமைச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் 2021இல் அதன் ஒரு பகுதியைத் தேடக்கூடிய வடிவில் வெளியிட்டன. கேட்டு நின்றது புலம்பெயர்ந்த சமூகம். எங்கள் ஆட்களுக்கும் பதிவு இருந்தது: மலாயாத் தோட்டங்களில் செக்ரோல் என்ற ஆட்பதிவேடு இருந்தது. ஒவ்வொரு ஆளின் பெயரும் கூலிநாளும் அதில் ஏறின. ஹரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் போன்ற ரப்பர் கம்பனிகளின் தாள்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றையும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தொழிலாளர் துறைக் கோப்புகளையும் பெயர்களுக்காகப் பக்கம் பக்கமாகப் படிக்க ஆட்களை நியமிக்க வேண்டும்.

அடுத்த மறுப்பு, தொழிலாளி சிப்பாய் அல்ல என்பது. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் குறைந்தது 116,000 ஆபிரிக்க, ஆசிய வீரர்களும் சுமைகூலிகளும் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அந்தத் தொகை 350,000 வரையும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 2025 ஜனவரியில் கேப் டவுனில், துப்பாக்கி தூக்காத கறுப்பினத் தொழிற்படையினர் 1,700க்கு மேற்பட்டவர்களுக்குப் பெயர் பெயராக நினைவகம் திறந்தது. அவர்கள் பிரித்தானியாவின் சேவையில் சேர்ந்தவர்கள், எங்கள் ஆட்களைப் பிடித்துப்போனது ஜப்பான் என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் எங்கள் ஆட்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது பிரித்தானிய ஆட்சி. 1942 பெப்ரவரியில் சரணடைந்து அவர்களைக் கைவிட்டதும் அதே ஆட்சி. கடன் அங்கேதான் இருக்கிறது.

எங்களுக்குள் அதிகம் வாதாடியது, ஜப்பானோடு சேர்ந்து பிரித்தானியரை எதிர்த்த இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி. அதில் சேர்ந்த தோட்டத் தமிழரையும் இதே பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதே முடிவு. பெயர், ஊர், தேதி இருக்கட்டும். தீர்ப்பு எழுத வேண்டாம்.

தனியுரிமையிலும் எங்களுக்குக் கண்டிப்பு உண்டு. சேவைக் கோப்பில் பால்வினை நோயும் இராணுவத் தண்டனையும் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை கோப்பைக் கட்டுப்படுத்தும் கனடிய நடைமுறையை ஆதரிக்கிறோம். அதற்குப் பிறகும், அப்படியான பக்கத்தைக் கண்டெடுத்தால் முதலில் அந்த வீட்டாரிடம் காட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் பங்கு இப்போதே தொடங்குகிறது. லோரன்ஸ் அவென்யூவிலுள்ள மக்கிரெகர் பார்க் நூலகத்தில், ரொறன்ரோ பொது நூலகம் தரும் வம்சாவளித் தேடல் சேவையை இலவசமாகப் பயன்படுத்தலாம். வருகிறவர்கள் பெயரின் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும், தகப்பன் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். பழைய ஆவணங்களில் ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். எண்பது கடந்த பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய நாங்களே வீட்டுக்கு வருகிறோம். படங்களையும் கடிதங்களையும் அங்கேயே நகலெடுத்துவிட்டு, மூலத்தை உங்கள் கையிலேயே தருவோம்.