உயிர் காக்கும் மாத்திரையும் லாபவேட்டையும்

புற்றுநோய் பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை என்பார்கள். நோய் பார்க்காமல் இருக்கலாம். வைத்தியம் நன்றாகவே பார்க்கிறது. அபூர்வமான புற்றுநோய் என்றால் சொல்லவே வேண்டாம். நோயாளிகள் சிலர், மருந்து செய்பவர் ஒருவர், அவர் சொன்னதே விலை. விக்கிரமசிங்கபுரத்தில் ஆலையில் நிற்பவரும், சேரன்மகாதேவி வயலில் நாற்று நடுபவரும் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். மண்ணீரல் வீங்கி இடது பக்க வயிறு கனக்கும், உடல் மெலியும், இரவில் வியர்க்கும், களைப்பு தீராது. நம்மவர்கள் இதை உழைப்பின் அசதி என்று தள்ளிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் நோய் முற்றி உயிரைக் குடிக்கும். ஆனால் இதைச் சந்தேகிக்கச் சாதாரண ரத்த அணுப் பரிசோதனையே போதும்.

2001-ல் இதற்கு ‘இமாட்டினிப்’ என்ற மாத்திரை வந்தது. முன்பு சில ஆண்டுகளே வாழ்வு என்றிருந்தவர்கள், அதைத் தினமும் சாப்பிட்டு வேலைக்குப் போய், பிள்ளை குட்டிகளை வளர்த்தார்கள். விஞ்ஞானத்தின் மகத்தான வெற்றி இது. ஆனால் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி இந்தியாவில் இதற்கு வைத்த விலை என்ன? மாதம் சுமார் ரூ.1,20,000! உள்நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தை ரூ.8,000 முதல் 10,000-க்குள் கொடுத்தன. அவை தர்மஸ்தாபனங்கள் அல்ல. அவையும் லாபத்துக்கே விற்றன. அப்படியும் இவ்வளவு வித்தியாசம் என்றால், ஏகபோகத்தின் கொள்ளை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? 1970-ல் செய்த பேட்டண்டுச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை கொடுத்தது. மருந்துக்கே உரிமை கொடுக்கவில்லை. அதற்கு அடிப்படை நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கை. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005-ல் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. அப்போது இடதுசாரிக் கட்சிகளும் மக்கள் ஆரோக்கிய இயக்கங்களும் போராடியதால், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிதென்று உரிமை கோர முடியாதபடி 3 (டி) பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது.

அந்தப் பிரிவில்தான் நோவார்ட்டிஸ் முட்டிக்கொண்டது. மூல மருந்து முன்பே வெளிநாட்டில் பேட்டண்டு பெற்றது. அதன் ஒரு படிக வடிவத்துக்குத் தனி உரிமை வேண்டும் என்று சென்னைப் பேட்டண்டு ஆபீசில் கம்பெனி மனுப் போட்டது. அம்பை 16 நெல்லைப் புதுச் சாக்கில் கட்டிவைத்து, இது புது நெல், நான் மட்டுமே விற்பேன் என்று ஒரு மண்டிக்காரர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? 2006 ஜனவரியில் மனு தள்ளப்பட்டது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2007 ஆகஸ்டில் தோற்றது. 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் பேட்டண்டு இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டது. ஒரு வருஷம் முன்பு, 2012 மார்ச்சில், முற்றிய சிறுநீரக, ஈரல் புற்றுநோய்களுக்கான பேயர் கம்பெனி மருந்தைச் செய்ய நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. மாதம் ரூ.2,80,000-க்கு விற்றது ரூ.8,800 அளவுக்கு இறங்கியது. சட்டத்தில் பல் இருந்தால் விலை இறங்கும் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஏழைகளுக்குக் கம்பெனி இலவசமாகவே கொடுத்ததே என்று வாதிப்பவர்கள் உண்டு. கொடுத்தது உண்மை. ஆனால் கொடுக்கிறவர் நினைத்தால் நிறுத்தலாம். தினமும் சாப்பிட வேண்டிய மருந்தைத் தயவில் வாங்கி எத்தனை காலம் வாழ்வது? ஆராய்ச்சிச் செலவை ஈடுகட்ட வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். மருந்தைச் செய்த ரசாயன விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் நோயின் மூலமான குரோமோசோம் கோளாறு 1960-லேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களும் பொதுப்பணமும் போட்ட அஸ்திவாரம் அது. அமெரிக்காவிலேயே ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த விலை, 2012-ல் 92,000 டாலராக ஏறியது. பழைய மருந்துக்குப் புதிதாக என்ன ஆராய்ச்சிச் செலவு வந்தது? 2013-ல் உலகெங்குமுள்ள 100-க்கு மேற்பட்ட ரத்தப் புற்றுநோய் நிபுணர்களே கூட்டாக இந்த விலைகளைக் கண்டித்து எழுதினார்கள்.

மருந்து மலிந்தால் மட்டும் நோயாளியின் கஷ்டம் தீர்ந்துவிடுமா? தீராது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளுடன் ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி எண்ணற்ற ஏழைகளுக்குக் கதியாக இருக்கிறது. ஆனால் தாமிரபரணிக் கரையிலிருந்து அது ஒரு ராத்திரிப் பயணம். ஒவ்வொரு முறையும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கூலி போகிறது. சோற்றுக்கும் தங்கலுக்கும் கடன் வாங்க வேண்டும். நடவுக் காலத்தில், மாத்திரை தீர்ந்தும் போகாமல் இருந்துவிடுகிறார் விவசாயத் தொழிலாளி. அந்த இடைவெளியில் நோய் மறுபடி தலைதூக்கும். பிறகு பழைய மருந்துக்கு அடங்க மறுக்கும்.

ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்ற ஈ.எஸ்.ஐ.யில், தகுதி உள்ளவர்க்குப் புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 2 ஆண்டு வரை கூலியில் 80 சதம் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது, கேட்டு வாங்குங்கள். விவசாயத் தொழிலாளிக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கலாம். அது ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும், வீட்டில் உலை வைக்காது.

எனவே நாம் கோருகிறோம்:

1. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலேயே அபூர்வப் புற்றுநோய்களுக்கான மரபணுப் பரிசோதனையும் மாத்திரையும் தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

2. ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீராத களைப்பும் வயிற்று வீக்கமும் உள்ளவர்களுக்கு உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

3. சிகிச்சைக் காலத்தில் விவசாயத் தொழிலாளர்க்கும் பீடித் தொழிலாளர்க்கும் கூலி இழப்புக்கு ஈடு வேண்டும்.

4. எட்டாத விலையில் விற்கப்படும் புதிய புற்றுநோய் மருந்துகளுக்கு மத்திய சர்க்கார் கட்டாய லைசென்ஸ் வழங்க வேண்டும். வர்த்தக ஒப்பந்தம் எதிலும் 3 (டி) பிரிவை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தோழர்களே! கோர்ட்டில் கிடைத்த வெற்றிக்கு அடித்தளம் போட்டது, 2005-ல் கிளர்ச்சி செய்து நுழைத்த சட்டப் பிரிவு. சங்கக் கூட்டங்களில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். உங்கள் தெருவில் எவரேனும் நோயுற்றிருந்தால், அவர் மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்வதைச் சங்கத்தின் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உழைப்பாளி கூட விலையைக் கேட்டுச் சாகக் கூடாது!