கணக்குப் பிழையாதவன்

சித்திரைப் பூரணைக்கு இரண்டு நாள் முன்னதாக, கனடாவிலிருந்து என் தங்கையின் மகன் இறுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தான். ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்திற் படிக்கிறவன். வாணர் பாலத்தைக் கடக்கும்போதே கடற்காற்றில் உறங்கிவிட்ட பிள்ளை, மறுநாட் காலை திண்ணையில் வந்தமர்ந்து என்னிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "மாமா, எமன் நல்லவரோ, கெட்டவரோ?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு விளையாட்டுக்காகக் கேட்பதாகச் சொன்னான்.

அவ்விளையாட்டைப் பற்றி அவன் கூறியதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். நண்பர் சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்ப்பர். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவர். அவ்வுலகின் நாடு, நகர், தெய்வம் யாவற்றையும் படைப்பது அவர் பொறுப்பு. ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு 'சார்பு' உண்டு. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என ஒரு வரிசை. நன்மை, நடுநிலை, தீமை என இன்னொரு வரிசை. இரண்டையும் பெருக்கினால் ஒன்பது கட்டங்கள். தெய்வமாயினும் ஒரு கட்டத்துக்குள் அடங்கியே ஆகவேண்டும். என் மருமகன் கதை நடத்துபவன். அவன் படைக்கும் உலகத்தின் மரணதேவனை எந்தக் கட்டத்தில் இருத்துவது என்பதே அவனுடைய ஐயம்.

அவ்விளையாட்டுக்கென எழுந்த கதைகளிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. மிர்குல் என்ற மரணதேவன் முழுத் தீயவன். பிற்காலத்தில் அப்பதவிக்கு வந்த கெலெம்வோர், முன்பு மனிதனாய் வாழ்ந்தவன். நல்லோர்பால் இரக்கம் மிகுதியாகக் காட்டியமையால் உலகின் சமநிலை குலைந்தது என்று அவன்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. பின்னர் அவன் நடுநிலைக்குத் திரும்பினான். இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. மனிதனாய் இருந்து மரணதேவனானவன் என்பது நமக்குப் புதிதன்று. இருக்கு வேதத்தில் யமன் முதன்முதலாக இறந்த மனிதன். பின்வருவோர்க்கு வழி கண்டு வைத்தவன். தீயவனாக அன்று, மூத்தவனாகவே அங்கே அவன் காட்சி தருகிறான்.

தமிழில் அவனுக்கு வழங்கும் பெயர்களைப் பாருங்கள். உயிரையும் உடலையும் கூறுபடுத்துவதாற் கூற்றுவன். காலத்தை அறிந்தவனாதலாற் காலன். அறத்தின் வழி நிற்பதால் தருமன். பெயர் சூட்டிய முன்னோர் அவனைக் கண்டு அஞ்சினர். ஆனால் அவனை அறமில்லாதவன் என்று முடிவுகட்டிவிடவில்லை. தென்றிசையே அவன் திசை. நாம் நீர்க்கடன் செலுத்தும் தென்புலத்தாரும் அத்திசையிலேதான் வாழ்கின்றனர்.

"அப்படியானால் மார்க்கண்டேயருடைய கதை?" என்றான் மருமகன். நல்ல கேள்வி. திருக்கடவூரிற் சிவபெருமான் காலனை உதைத்தார் என்ற அளவில் நாம் நிறுத்திக்கொள்கிறோம். கதை அங்கே முடியவில்லை. காலன் வீழ்ந்தபின் உலகில் இறப்பு நின்றது. நிலமகள் பாரம் தாங்காது வருந்தினாள். தேவர் வேண்ட, இறைவன் அவனுக்கு மீண்டும் அதிகாரம் அளித்தார். திருச்சிராப்பள்ளிக்கு அணித்தான திருப்பைஞ்ஞீலியில் எமனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. அவன் இழந்த பதவியைப் பெற்ற தலம் அதுவென்பர். தீயவனாயின் திரும்ப அழைப்பார்களா?

அவனும் பிழை செய்தவனே. நசிகேதன் என்னும் சிறுவனை மூன்று இரவு வாயிலிற் பட்டினி காக்க வைத்தமைக்கு வருந்தி, மூன்று வரம் கொடுத்ததாகக் கடோபநிடதம் கூறும். மகாபாரதத்தில் இன்னும் கடுமையான வழக்கொன்று உண்டு. மாண்டவிய முனிவர் சிறுபிள்ளையாயிருந்தபோது பூச்சிகளைத் துரும்பாற் குத்தியதற்காக, அவரைக் கழுவில் ஏறும்படி செய்தான் தருமன். "அறியாப் பருவத்துப் பிழைக்கு இத்துணைத் தண்டனையா?" என்று முனிவர் அவனையே சபித்தார். பதினான்கு வயதுக்குட்பட்டோர் செய்வது பாவமாகாது என்று புதிய விதியும் வகுத்தார். சாபத்தின்படி தருமன் மண்ணில் விதுரனாகப் பிறந்தான். நீதிபதி தவறினால் நீதிபதிக்கும் தண்டனை உண்டு என்பது நம்மவர் துணிபு.

பௌத்தர் இவ்வழக்கை வேறொரு வகையில் தீர்த்தனர். ஆசை காட்டி மயக்கும் தீமையை மாரன் என்று பிரித்துவிட்டனர். பாளி நூல்களில் வரும் யமன், இறந்து வந்தவனை நோக்கி, "பிணியையும் மூப்பையும் சாவையும் கண்ணாற் கண்டும் நீ திருந்தவில்லையா?" என்று வினவுபவன். தானும் மனிதனாய்ப் பிறந்து அறங் கேட்கவேண்டுமென ஏங்குபவன்.

இத்தனையும் சொல்லி முடித்த நிறைவோடு மருமகனைப் பார்த்தேன். அவன் முகம் தெளியவில்லை.

பூரணையன்று கோயிலுக்குப் போனோம். தாயை இழந்தவர்கள் அன்று விரதமிருப்பதும், கோயிலிற் சித்திரபுத்திரனார் கதை படிப்பதும், கஞ்சி வார்ப்பதும் யாழ்ப்பாணத்தார் வழக்கம். தந்தையை இழந்தவர்க்கு ஆடி அமாவாசை. தாயை இழந்தவர்க்குச் சித்திரைப் பூரணை. நம் நன்மை தீமைகளை ஒன்றும் விடாமல் எழுதிவைக்கும் எமனுடைய கணக்கப்பிள்ளையைத் தாயின் நினைவோடு சேர்த்து வைத்தார்களே, அந்தப் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கை நமக்கு முன்னரே அறிந்தவள் தாயன்றி வேறு யார்?

கதை கேட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பெரியம்மாவிடமும் மருமகன் தன் கேள்வியைப் போட்டான். அவர் தயங்கவேயில்லை. "தம்பி, அவர் நல்லவரோ கெட்டவரோ எண்டு நாங்கள் கும்பிடேல்லை. கணக்குப் பிழைக்காதவர் எண்டுதான் கும்பிடுறம். பணக்காரனுக்கும் ஒரு ஏடு, எனக்கும் ஒரு ஏடு" என்றார். நான் ஒரு காலை முழுவதும் பேசியதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார்.

அன்றிரவு முற்றத்தில் நிலவிருக்க, மருமகன் மெல்ல வாய் திறந்தான். 2020ஆம் ஆண்டில், விமான நிலையம் மூடப்பட்டிருந்த மாதங்களில், அவனுடைய அம்மம்மா, அதாவது என் தாயார், இவ்வீட்டிலே காலமானார். என் தங்கை வரமுடியவில்லை. தாயின் இறுதிக் கிரியைகளைக் கைபேசியின் சிறு திரையிலே பார்த்தாள். "அம்மா அந்தத் திரையைத் தடவித் தடவி அழுதா, மாமா. அண்டைக்குப் பிறகுதான் என்ரை கதையிலை மரணதேவனைப் பொல்லாதவனாக எழுதத் தொடங்கினன்" என்றான்.

என்னிடம் இருந்த புராணமெல்லாம் தீர்ந்துபோயிற்று. சிறிது நேரங் கழித்து அவனுக்கு அரிசில் கிழாரைப் பற்றிச் சொன்னேன். தகடூர்ப் போரில் எழினி மாண்டபோது, அப்புலவர் கூற்றத்தையே எதிரே நிறுத்தி ஏசிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. வறுமையால் விதைநெல்லையே உண்டுவிட்ட உழவனைப்போல, உனக்கு நாளும் உணவளித்தவனையே விழுங்கிவிட்டாயே, இனி எதை உண்பாய் என்று கேட்கிறார். துயருற்றவன் ஏசலாம், ஏசுவதற்கும் ஒரு முகம் வேண்டுமே. கூற்றுவன் அந்த ஏச்சையும் பொறுத்துக்கொள்ளும் தெய்வம்.

ஆனால் ஒன்று. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் இருந்தனர். "அந்தச் சாவை எமன் தலையில் ஏற்றாதே. அது மனிதர் செய்தது. மரணதேவனைத் தீயவனாக்கிவிட்டால், கொலை செய்த மனிதன் 'அவன் எடுத்தான்' என்று கைகழுவித் தப்பிவிடுவான். அவன் நடுநின்றாற்றான் அந்த மனிதனுடைய ஏடும் ஒருநாள் திறக்கப்படும். உன் அம்மம்மாவை எடுத்தது முதுமை. உன் அம்மாவைத் தடுத்தது நோய்க்காலம். இவற்றில் எமன் தன் வேலையைச் செய்தான், அவ்வளவே" என்றேன்.

அவன் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் தன் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். பழைய கட்டம் அடிக்கப்பட்டிருந்தது. ஒழுங்கும் நடுநிலையும் சேரும் கட்டத்தில் மரணதேவன் இடம் மாறியிருந்தான். கீழே இரண்டு விதிகள்: இத்தெய்வம் பிழை செய்தால் அதற்கும் தண்டனை உண்டு, எந்த வீரனும் தான் செய்த கொலையை இத்தெய்வத்தின்மேற் சுமத்தல் ஆகாது.

மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. இத்தெய்வத்தின் கோயிலில் ஆண்டுக்கொருமுறை, தாயை இழந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கப்படும்.

அதைப் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினான். அவளும் அங்கே அவ்வாண்டு விரதம் இருந்தாளாம்.