மீட்டர் கேஜ் நினைவுகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 60 ஆண்டுகள் ரயில் ஓடியது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று கடலோரம் வரை போன அந்த மீட்டர் கேஜ் பாதை 1926-இல் திறக்கப்பட்டு, 1986-இல் மூடப்பட்டது. இன்று அந்த ஊர்களில் 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த வண்டி பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை மட்டுமே. எத்தனை பெட்டிகள் ஓடின, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த வண்டியில் போனார்கள், திருக்கடையூர் கோயிலுக்கு வந்த கூட்டம் எங்கே இறங்கிற்று என்று ஓர் இளைஞர் தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் போய்க் கேட்பதற்குப் பொது இடம் எதுவும் இல்லை. யாரோ ஒரு ரயில் ரசிகரின் பழைய ஆல்பத்தைத்தான் தேடிப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ரசிகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்கள், தினமும் பாசஞ்சரில் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள், ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். ஒருவர் ஒரு பழைய படத்தைக் காட்டினால், பின்னணியில் தெரியும் தண்ணீர்த் தொட்டியை வைத்து அது எந்த நிலையம் என்று இன்னொருவர் சொல்கிறார். சிக்னல் கம்பத்தின் அமைப்பை வைத்து மூன்றாமவர் ஆண்டைக் குறுக்குகிறார். அந்த வண்டியில் வேலை பார்த்த கார்டு ஒருவர், அன்றைக்கு அது ஏன் இரண்டு எஞ்சினோடு போனது என்ற காரணத்தைச் சேர்க்கிறார். இப்படி ஒரு படத்தைச் சுற்றி நான்கு பேர் சொன்னதை எழுதி வைத்தால் அது வரலாறு. எழுதி வைக்க யாரும் இல்லாததால் பேச்சோடு போய்விடுகிறது.

இதைச் சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. தெற்கு ரயில்வேயும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து, மக்கள் கையில் உள்ள ரயில் படங்களையும் நினைவுகளையும் பெற்று, பாதுகாத்து, எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்க வேண்டும். அதற்குத் திருச்சியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. பழைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் அங்குதான் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை இடம்பெயர்ந்து வந்த பொன்மலையும் அங்குதான் இருக்கிறது.

அகலப்பாதை வந்ததைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1,000 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் வந்த சரக்கை 1,676 மில்லிமீட்டர் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கி, மறுபடி ஏற்றிய காலம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தால் தென்மாவட்டங்கள் நாட்டின் மற்ற பகுதிகளோடு நேரடியாக இணைந்தன. ஆனால், பாதையை மாற்றியபோது அந்தப் பாதையில் ஒரு நூற்றாண்டு நடந்த வாழ்க்கையைப் பதிந்து வைக்கும் கடமை யாருக்கும் தரப்படவில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் நின்றது. 1904-இல் மலையைக் குடைந்து போட்ட செங்கோட்டை–புனலூர் பாதையில், முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டி ஏறிய வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. அந்த ஆண்டு முடிவில் மதுரை–போடி வண்டியும் நின்றது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் 46 கிலோமீட்டர் மட்டும்தான். அதற்கு 2005-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது, அதனால் அது பிழைத்தது. மலை ரயிலுக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூடச் சமவெளியில் ஓடிய பாசஞ்சர்களுக்குக் கிடைக்கவில்லை.

ரயில்வேயின் கோப்புகளில் எஞ்சின் எண் இருக்கும், பாதையின் நீளம் இருக்கும், பாலத்தின் கண் எத்தனை என்று இருக்கும். அந்த வண்டியில் யார் போனார்கள் என்பது இருக்காது. ரசிகர் எடுத்த படத்தில் அது இருக்கிறது. சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பால் கேன்கள் இருக்கின்றன. கதவருகே கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரப் பெண் இருக்கிறார். நிற்காமல் போகும் வண்டியிலிருந்து கையை நீட்டி, பிரம்பு வளையத்தில் கட்டிய டோக்கனை வாங்கும் பயர்மேன் இருக்கிறார். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வராது என்பதற்கு அந்த டோக்கன்தான் உத்தரவாதம். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்கு நகரக்கூடாது. இத்தனை ஆயிரம் பயணிகளின் உயிர் அந்த வளையத்தைச் சரியாகக் கைமாற்றுவதை நம்பி இருந்தது என்பதைப் பாடப்புத்தகத்தை விட ஒரு படம் எளிதாகப் புரியவைத்துவிடும்.

பழைய ரயிலைப் பற்றிய நினைவு ஏக்கத்துக்கு மட்டும் உதவுவதில்லை. உரிமை கேட்கவும் உதவுகிறது. திருவாரூர்–காரைக்குடி பாதையைப் பாருங்கள். சென்னையிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்கு ஓடிய கம்பன் எக்ஸ்பிரஸ் அந்தப் பகுதி மக்களின் இரவு ரயில். அகலப்பாதைப் பணிக்காகப் பாதையை மூடிப் பல ஆண்டுகள் கழித்து, 2019-இல் முழுத் தூரமும் மீண்டும் ரயில் வந்தபோது, 149 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேட் கீப்பர்கள் போதாததால், வண்டியிலேயே வந்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு ஏற வேண்டியிருந்தது. அங்கே மக்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. முன்பு இருந்ததைத்தான் கேட்டார்கள். முன்பு என்ன இருந்தது என்பதற்கு அவர்களிடம் இருந்த சான்று பழைய கால அட்டவணையும், பத்திரப்படுத்திய அட்டை டிக்கெட்டும், பெரியவர்களின் நினைவும்தான். அகலப்பாதை வந்த பிறகு சின்ன நிறுத்தங்களை இழந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. எங்கள் ஊரில் வண்டி நின்றது என்று அந்த ஊர் மக்கள் சொன்னால், அதிகாரி கேட்கும் முதல் கேள்வி ஆதாரம் உண்டா என்பதுதான். அந்த ஆதாரத்தைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பை ஏழை விவசாயி மீதும் தினக்கூலி மீதும் சுமத்துவது நியாயமல்ல.

பதிந்து வைக்காவிட்டால் எது மிஞ்சும் என்பதற்குத் தனுஷ்கோடி இருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் போட் மெயில் ரயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போனார். ஐம்பது ஆண்டுகள் இரண்டு நாட்டுத் தமிழர்களும் வணிகர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் கடந்துபோன வாசல் அது. 1964 டிசம்பர் புயல் ஊரையும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த பாசஞ்சரையும் அதிலிருந்தவர்களையும் கொண்டுபோனது. இன்று தனுஷ்கோடி என்றதும் நம் கண்முன் வருவது நிலையத்தின் உடைந்த சுவர்தான். அங்கே நடந்த வேலை, சுங்கச் சோதனை, கப்பலுக்குக் காத்திருந்த குடும்பங்கள் ஆகியவற்றின் படங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குடும்பப் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். யாராவது முறையாகக் கேட்டால்தானே அவை வெளியே வரும்?

நம் ரயில்களை நம்மை விடக் கவனமாகப் பார்த்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கரி எஞ்சின்கள் உலகின் பல நாடுகளில் மறைந்துகொண்டிருந்த காலத்தில், பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ரசிகர்கள் இங்கே வந்து, ஒய்பி, ஒய்ஜி வகை மீட்டர் கேஜ் எஞ்சின்களைத் தேடித் தேடிப் படம்பிடித்தார்கள். ஹியூ ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இந்திய எஞ்சின்கள் அத்தனையையும் நான்கு பகுதிகளாகத் தொகுத்தார். அதில் ஒரு பகுதி முழுக்க மீட்டர் கேஜுக்கானது. இந்தியாவில் ஒரு ரசாயன நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் சாட்டோ, பழைய எஞ்சின்களைக் காப்பாற்ற வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1977 பிப்ரவரியில் டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு ரசிகரின் ஆர்வமும் அரசின் கையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெல்லியில் நிற்கும் அந்த எஞ்சின்கள் சாட்சி.

நம் மாநிலத்திலேயே இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களையும் இதழ்களையும், மற்றவர்கள் குப்பை என்று எறிந்த நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு, 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி இங்கேயே நூலகமாக்கியது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர் எவரும் இன்று சென்னையில் அந்த நூலகத்தின் படி ஏறாமல் இருக்க முடியாது. ரயில் ரசிகர்களின் ஆல்பங்களும் அதே வகைச் சொத்துதான். அவற்றைக் காக்க இன்னொரு முறை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வரட்டும் என்று காத்திருப்பது நமக்குப் பெருமை தராது.

காலம் குறைவாக இருக்கிறது. பழைய பிலிம் சுருள்களில் பெரும்பகுதி அசிட்டேட்டால் ஆனது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது தானே சிதைந்து புளித்த காடி வாடை வீசத் தொடங்கும், சுருங்கும், படம் உரியும். நம் கடலோர மாவட்டங்களின் காற்றில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. எழுபதுகளில் அச்சிட்ட வண்ணப் படங்களின் நிறம் இருட்டான பெட்டிக்குள் இருந்தாலும் மங்கும். மனிதர்களின் நிலையும் அதுதான்: 1980-இல் 25 வயதில் கரி அள்ளிப் போட்ட பயர்மேனுக்கு இன்று 70 வயது தாண்டிவிட்டது. ஆகவே காப்பகத்தின் முதல் வேலை கட்டடம் கட்டுவதாக இருக்கக்கூடாது. நல்ல ஸ்கேனரும் ஒலிப்பதிவுக் கருவியும் பயிற்சி பெற்ற சில இளைஞர்களும் போதும். அவர்கள் மதுரை, விழுப்புரம், மானாமதுரை, தஞ்சாவூர், செங்கோட்டை என்று பழைய ரயில்வே ஊர்களுக்குப் போய், வீட்டிலேயே படத்தை நகலெடுத்து, அசலை உரியவரிடமே திருப்பித் தரலாம். ஓட்டுநர்களோடு நின்றுவிடாமல் பாயின்ட்ஸ்மேன்கள், கேங்மேன்கள், கேட் கீப்பர்கள், சுமைதூக்கிகள், நடைமேடையில் தேநீர் விற்றவர்கள் எல்லோரிடமும் பேச வேண்டும். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை, பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் ஆகியவை இதில் தயங்காமல் கைகோக்கலாம். ரயில் மத்திய அரசின் துறை என்றாலும், அந்தப் பாதைகள் போன ஊர்கள் தமிழ்நாட்டின் ஊர்கள்.

ரசிகர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. எஞ்சினை மட்டும் சட்டகம் முழுக்க நிரப்பும் பழக்கத்தால், நடைமேடையும் மனிதர்களும் படத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். படத்தின் நடுவில் தன் பெயரைப் பெரிதாகப் பதித்தால் பின்னால் தெரியும் ஊர்ப்பலகையை யாராலும் படிக்க முடியாது. எந்த ஊர், எந்தத் தேதி, எந்த வண்டி என்று படத்தோடு ஒரு வரி எழுதாவிட்டால், எடுத்தவர் போன பிறகு அந்தப் படம் ஊமையாகிவிடும். தண்டவாளத்தில் நின்று படமெடுப்பதை இந்தப் பத்திரிகை எந்த வகையிலும் ஆதரிக்காது. எந்தப் படத்துக்கும் ஓர் உயிர் விலையல்ல. அதேபோல, நடைமேடையில் ஒருவர் கேமராவை எடுத்த உடனே அவரைச் சந்தேகத்தோடு விசாரித்து, எடுத்த படத்தை அழிக்கச் சொல்வதும் நிற்க வேண்டும். வணிக நோக்கம் இல்லாத படமெடுப்பு எங்கே அனுமதி, எங்கே தடை என்பதைத் தெளிவான தமிழில் ஒவ்வொரு நிலையத்திலும் எழுதி வைப்பது ரயில்வேக்குக் கடினமான வேலையல்ல.

இன்னொன்று. ஒரு பாதையையோ நிலையத்தையோ பாலத்தையோ மூடுவதற்கு முன் அதை முழுமையாகப் படமெடுத்துப் பதிவு செய்வது விதியாக வேண்டும், அதன் செலவு திட்டச் செலவிலேயே சேர வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. நூறாண்டுக்கு மேல் கையால் சுழற்றித் திறந்த தூக்குப் பாலத்தை இயக்கிய ஊழியர்களில் எத்தனை பேரிடம் நாம் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்?

மீட்டர் கேஜில் செய்த தவறை அகலப்பாதையில் மறுபடி செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் கவலை. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் 1955 முதல் தயாரித்த பழைய வகைப் பெட்டிகளில் கடைசியானது 2018 ஜனவரியில் வெளியே வந்தது. அந்த நீலப் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு வருகின்றன. டீசல் எஞ்சின்கள் ஓடிய பாதைகளில் மின்கம்பி வந்துவிட்டது. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை கேட்கப்போகும் ரயில் இன்றைக்கு ஓடுகிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் பாசஞ்சரில், கோயிலுக்குப் போகிறவர்களோடும் கல்லூரி மாணவர்களோடும் காய்கறி மூட்டைக்காரர்களோடும் பதிந்து வைக்கும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.