குதிரை போன வழியும் கிராவல் சைக்கிளும்

இங்கிலாந்தில் ஒரு மண்பாதையில் சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது யார் தெரியுமா? போலீஸ் இல்லை, நெடுஞ்சாலைத் துறையும் இல்லை. குதிரை! எந்தக் காலத்திலோ அந்த வழியாகக் குதிரை போய் வந்ததாகப் பதிவாகி இருந்தால் இன்றைக்கு அங்கே சைக்கிள் போகலாம். மனிதர்கள் நடந்த வழி என்று மட்டும் பதிவாகி இருந்தால் சைக்கிளுக்கு உரிமை கிடையாது. படிக்கச் சிரிப்பாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கிராவல் சைக்கிள் பிரபலமான பிறகுதான் இந்தப் பழைய விஷயம் மறுபடி பெரிய வாக்குவாதமாக மாறியிருக்கிறது. கிராவல் என்றால் சரளைக்கல். பந்தய சைக்கிளைப் போலவே கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் மட்டும் அகலம். பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை. காற்றைக் குறைவாக அடைத்துக்கொண்டால் சரளை, மண், புல் எல்லாவற்றிலும் ஓடும், தார்ச்சாலை வந்தால் அதிலும் வேகம் குறையாது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் சரளைச் சாலைகளில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் (2020-இல் 'அன்பவுண்ட்' என்று பெயர் மாறியது) இதை உலகம் முழுக்கப் பேசவைத்தது. ஆனால் பிரிட்டிஷ்காரர்களுக்கு இது புதுசு இல்லை. கரடுமுரடான பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற சங்கத்தை 1955-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் சாதாரண சைக்கிளில்!

தென் இங்கிலாந்தின் நிலமும் இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. பெரிய மலை கிடையாது. சுண்ணாம்புப் பாறையாலான குன்றுகள் அலைபோல ஏறி இறங்குகின்றன. வின்செஸ்டரில் இருந்து ஈஸ்ட்போர்ன் வரை போகும் சவுத் டவுன்ஸ் வே 160 கிலோமீட்டர். முழுவதையும் சைக்கிளிலேயே கடக்கலாம். 2020-இல் சைக்கிளிங் யூகே என்ற அமைப்பு அறிமுகப்படுத்திய 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே' இன்னும் நீளம், 350 கிலோமீட்டர். வின்செஸ்டரில் கிளம்பி ஸ்டோன்ஹெஞ்ச் பக்கமாகப் போய், ரிட்ஜ்வே என்ற மிகப் பழைய குன்றுப் பாதையில் ஏறி, சவுத் டவுன்ஸ் வழியாக மறுபடி வின்செஸ்டருக்கே வந்து முடியும்.

சரி, இவ்வளவு நல்ல பாதைகள் இருக்கும்போது என்ன குறை? இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு உரிமையுள்ள வழிகளில் சைக்கிள் போகக்கூடியவை ஏறத்தாழ 22 சதவீதம்தான். மீதி எல்லாம் நடப்பவர்களுக்கு மட்டும். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வழியையும் வரைபடத்தில் பதிவு செய்யச் சொன்னது. ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். ஒரு ஊர்க்காரர்கள் ஒரு பாதையைக் 'குதிரைப் பாதை' என்று எழுத, அடுத்த ஊர்க்காரர்கள் அதே பாதையின் தொடர்ச்சியை 'நடைபாதை' என்று எழுதிவிட்டார்கள். விளைவு, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் குதிரைப் பாதை ஊர் எல்லை வந்ததும் நடைபாதையாக மாறிவிடும். அதே மண், அதே அகலம்! பிறகு 1968-இல் வந்த சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. நடைபாதைகளைப் பற்றி அது எதுவும் செய்யவில்லை.

ஸ்காட்லாந்தில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே 2003-இல் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். இதைக் காட்டித்தான் 'இங்கிலாந்திலும் எல்லாவற்றையும் திறந்துவிடு' என்று சைக்கிள்காரர்கள் கேட்கிறார்கள்.

கோரிக்கையில் பாதி நியாயம் இருக்கிறது. வயலோரத்தில் டிராக்டர் தினமும் போகிற பாதையில் சைக்கிள் போகக்கூடாது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. டிராக்டர் செய்யாத எந்தச் சேதத்தை 45 மில்லிமீட்டர் டயர் செய்துவிடப் போகிறது? அப்படிப்பட்ட பாதைகளைத் திறந்தால் கார் பறக்கும் சாலைகளில் இருந்து சைக்கிள்காரர்களும் தப்பிப்பார்கள், கிராமத்து டீக்கடைக்கும் விடுதிக்கும் நாலு காசு வரும். ஆனால் 'எல்லாவற்றையும்' என்ற வார்த்தையை ஏற்றுக்கொள்ள முடியாது. காரணம், பழங்காடுகள்.

பழங்காடு என்பதற்கு அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1600-ஆம் ஆண்டில் இருந்து இடைவிடாமல் காடாகவே இருந்து வருகிற இடம்தான் பழங்காடு (ஸ்காட்லாந்தில் 1750). பிரிட்டன் நிலப்பரப்பில் இது சுமார் 2.5 சதவீதம் மட்டுமே. இதில் முக்கியமானது மரத்தின் வயது இல்லை, மண்ணின் வயது. பல நூறு வருடம் உழப்படாமல் கிடந்த மண்ணில்தான் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளும், விதைகளும், வசந்தத்தில் காட்டையே நீலமாக்கும் புளூபெல் கிழங்குகளும் இருக்கின்றன. ஈரமான நாளில் சக்கரம் அதே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் மண் இறுகிவிடும். தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்காது. மிதிபட்ட புளூபெல் கூட்டம் தேறி வரப் பல வருடம் ஆகும்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் தெரியும். ஒரு இயந்திரம் பழசானால் வருடா வருடம் ஒரு தொகையைக் கழித்து, ஆயுள் முடிந்ததும் புது இயந்திரம் வாங்கிக்கொள்வோம். பழங்காட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை கோடி கொடுத்தாலும் 400 வருட மண்ணைக் கடையில் வாங்க முடியாது. 'பத்து மரம் வெட்டினால் நூறு நடுகிறோம்' என்பதும் இதனால்தான் ஏமாற்றுப் பேச்சு. நட்டால் மரம் வரும், பழங்காடு வராது.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கிராவல் சைக்கிள்காரர்கள் விரும்பி ஓட்டும் காட்டுச் சரளைப் பாதைகள் எப்படி வந்தன? முதல் உலகப் போரில் மரப் பஞ்சம் வந்ததால் 1919-இல் வனத்துறை ஆணையத்தை அமைத்தார்கள். அதன்பின் எத்தனையோ பழங்காடுகளை வெட்டிவிட்டு வேகமாக வளரும் ஊசியிலை மரங்களை நட்டார்கள். மரம் ஏற்றும் வண்டிகளுக்காகச் சரளைப் பாதை போட்டார்கள். பழங்காட்டை அழித்த காலத்தின் மிச்சம்தான் இன்றைக்குக் காட்டின் அழகை ரசிக்க உதவும் பாதை!

அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக அதே பாதைகளைப் பயன்படுத்துவதுதான் சரி. நியூ ஃபாரஸ்ட் அப்படித்தான் செய்கிறது. முதலாம் வில்லியம் மன்னர் 1079-இல் தன் வேட்டைக்காக ஒதுக்கிய காடு அது, 2005-இல் தேசியப் பூங்கா ஆனது. குதிரைக்குட்டிகள் அவிழ்த்துவிட்ட மாதிரி சாலையிலேயே நிற்கும் (அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், மேய்ச்சல் உரிமை பெற்ற உள்ளூர்க்காரர்கள்). அங்கே வனத்துறை நிலத்தில் 100 மைலுக்கு மேல் அடையாளம் போட்ட சரளைப் பாதைகள் சைக்கிளுக்காக இருக்கின்றன. அவற்றை விட்டு இறங்கி மரங்களுக்கு நடுவே ஓட்டக்கூடாது. ஒரு பகுதி 1964-இல் மூடப்பட்ட ரயில் பாதை. சைக்கிள்காரர்களுக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு. ஒரு பாதை இன்னொன்றோடு சேராமல் பாதியில் நிற்கிறது என்பார்கள். அது உண்மையான குறைதான், இணைப்புகளைக் கூட்டலாம். அதற்காக வேலியை உடைக்க வேண்டியதில்லை.

'நடப்பவர் மிதிக்கவில்லையா, குதிரை மிதிக்கவில்லையா' என்று கேட்பார்கள். மிதிக்கத்தான் செய்கிறார்கள். ஈர மண்ணில் குதிரைக் குளம்பு சைக்கிளை விட மோசம் என்றும் வாதிடலாம். ஆனால் சைக்கிளுக்கு மட்டும் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. ஒருவர் காட்டுக்குள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து ஸ்ட்ராவாவிலோ கோமூட்டிலோ ஏற்றிவிட்டால் அடுத்த வாரமே அது பலருக்குப் பாதையாகிவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, செல்போன் காட்டிய கோட்டில் போகிறார்கள், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து உதாரணமும் இங்கே முழுசாகப் பொருந்தாது. ஸ்காட்லாந்தில் சுமார் 55 லட்சம் பேர், இங்கிலாந்தில் அதைப்போலப் பத்து மடங்கு. நிலப்பரப்போ இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை.

அப்படியானால் சைக்கிள்காரர்கள் எங்கே போராட வேண்டும்? பழைய வரைபடங்களில். ஒரு காலத்தில் வண்டியும் குதிரையும் போன வழி, பதிவு செய்தபோது தவறுதலாக நடைபாதை ஆகியிருந்தால், ஆதாரம் காட்டி அதை மாற்றச் சொல்ல உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம். ஒரு முறை பொதுவழி என்றால் என்றைக்கும் பொதுவழி என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் பழைய கொள்கை. இப்படி விண்ணப்பிக்க முதலில் 2026 வரை என்றும், பிறகு 2031 வரை என்றும் கெடு வைத்திருந்தார்கள். அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இருநூறு வருடப் பழைய காகிதங்களைப் புரட்டுவது குன்றில் இருந்து சைக்கிளில் இறங்குவது போல ஜாலியாக இருக்காதுதான். ஆனால் இப்படிக் கிடைக்கிற வழிகளில் பெரும்பாலானவை வயல்களுக்கு நடுவில்தான் இருக்கும், புளூபெல்களுக்கு நடுவில் இல்லை.