ஆஸ்பத்திரிக்கு என்ன வயசு?

காரைக்குடிப் பக்கத்து உறவுகளுக்கு,

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி, "பேர் போன காலேஜா?" என்பதுதான். நூறு வருடம் கண்ட ஒரு கல்லூரியும், திறந்து நாலைந்து வருடமே ஆன, ஆனால் கல்விக் கட்டணம் வாங்காத ஒரு கல்லூரியும் ஒருசேர இடம் கொடுத்தால், கடன்பட்டாவது பழையதில் சேர்க்கச் சொல்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. நம்மூரில் 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். நேற்று முளைத்த தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் கோடியில் பேசுகிறார்கள். புதுசு என்றாலே வியாபாரம் என்று மனதில் ஊறிவிட்டது. இங்கே கணக்கு தலைகீழ். பழைய தனியார் கல்லூரிகள் ஆண்டுக்கு 70,000 டாலரை ஒட்டி வாங்குகின்றன. புதியவற்றில் சில, பெரும் பணக்காரரோ மருத்துவமனை நிறுவனமோ முதல் போட்டதால், தொடக்க பேட்ச்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்கின்றன. கலிஃபோர்னியாவில் பாசடேனாவில் 2020-இல் திறந்த கைசர் பெர்மனென்டே கல்லூரி அப்படித்தான் ஆரம்பித்தது. ஆர்கன்சாவின் பென்டன்வில் ஊரில் வால்மார்ட் குடும்பத்து ஆலிஸ் வால்டன் 2025-இல் 48 மாணவர்களோடு தொடங்கிய கல்லூரியும் முதல் ஐந்து பேட்ச்களுக்கு இலவசம்.

கல்லூரிக்கு எத்தனை வயது என்பதைவிட, பிள்ளைகள் வார்டில் நிற்கப்போகும் ஆஸ்பத்திரிக்கு எத்தனை வயது என்று விசாரிப்பதுதான் முறை என்பேன். மருத்துவரை உருவாக்குவது நோயாளியின் படுக்கையருகே கழியும் மூன்றாம், நான்காம் ஆண்டுகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1889-இல் ஆஸ்பத்திரி வந்தது. கல்லூரி வந்தது 1893-இல். கிளீவ்லாண்ட் கிளினிக் 1921-இலிருந்து நடக்கிறது. அதன் லெர்னர் கல்லூரியில் 2004-இல்தான் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள், 2008 முதல் அங்கே கட்டணமும் இல்லை. அதைப் புதுக் கல்லூரி என்று ஒதுக்க யாருக்கு மனம் வரும்? நமக்கு நெருக்கமான சாட்சி ஒன்றும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் படிப்பைத் தொடங்கியது பிலடெல்பியாவில், 1850-இல் நிறுவப்பட்ட மகளிர் மருத்துவக் கல்லூரியில். முடித்துப் பட்டம் வாங்கியது நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், 1899-இல். கார்னெல் அப்போது திறந்து ஒரே வருடம். வேலூரில் வரிசையில் நின்ற எவரும் டாக்டரம்மாவின் கல்லூரி எந்த வருடத்தது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விட்டுவந்த பிலடெல்பியா கல்லூரியின் இன்றைய வாரிசு டிரெக்செல் பல்கலைக்கழகம். அதன் முக்கியப் பயிற்சி மருத்துவமனையான ஹானமன், நூறாண்டு தாண்டியதாயிருந்தும், 2019-இல் பணமில்லாமல் இழுத்து மூடப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் வேறு ஊர்களில் இடம் தேடினார்கள். வெறும் பழமை அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை; ஆஸ்பத்திரியின் வயதோடு அதன் பண நிலையையும் விசாரிக்க வேண்டும்.

அங்கீகாரம் கிடைக்காமல் போனால் என்ற பயம் அடுத்தது. இங்கே எல்சிஎம்இ என்ற குழு முதல்கட்ட அனுமதி தராமல் ஒரு கல்லூரி ஒரு மாணவரைக்கூடச் சேர்க்க முடியாது. பிறகு இடைக்கால அங்கீகாரம். முதல் பேட்ச் முடிக்கும் தறுவாயில் முழு அங்கீகாரம். நடுவிலும் கண்காணிப்பு விடுவதில்லை. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2009-இல் 41 பேரோடு தொடங்கியது, அத்தனை பேருக்கும் நான்கு வருட முழு உதவித்தொகையோடு. 2013-இல் முழு அங்கீகாரம் வந்தது. எல்லாப் புதுக் கல்லூரியும் இப்படி ஜெயிக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நம்மூர் லெட்டர்பேட் கல்லூரிகளை நினைத்துக்கொண்டு இவற்றை எடைபோடுவது சரியல்ல.

"டாக்டராகிவிட்டால் கடனை ஊதித் தள்ளிவிடலாம்" என்பீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம். அதற்கு மேல் கிடையாது. மீதிக்குத் தனியார் வங்கிதான், பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அரசுக் கடனுக்கே வட்டி 8 சதவீதத்தை ஒட்டி, படிக்கும்போதே ஓடும். அந்த 2 லட்சத்துக்கு மட்டும் படிப்பு முடிவதற்குள் 40,000 டாலர் வட்டி சேர்ந்துவிடும். அதன் பிறகு ரெசிடென்சி என்ற சிறப்புத் துறைப் பயிற்சி. குழந்தை மருத்துவத்துக்கு மூன்று வருடம், மூளை அறுவை சிகிச்சைக்கு ஏழு. ரெசிடென்ட் சம்பளம் தொடக்கத்தில் 65,000, 70,000 டாலர் அளவில்தான். வருட வட்டியே 16,000. ஊதித் தள்ளுவதற்கு முன் எத்தனை வருடம் மூச்சுப் பிடிக்க வேண்டும்! அதைவிட எனக்கு உறுத்துவது இது: குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவை வருமானத்தில் கீழ்த்தட்டில் இருக்கும் துறைகள். கடனோடு வெளியே வருபவர் அவற்றை விரும்பினாலும் தயங்குவார். கடனில்லாதவருக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

பழைய கல்லூரிக்காரர்களின் வாதத்தில் எனக்குப் பதில் சொல்லக் கடினமான ஒன்று உண்டு. 2022 ஜனவரியிலிருந்து, இங்கே மருத்துவ உரிமத்துக்கு எழுத வேண்டிய ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில் மட்டுமே. எண் போன பிறகு, தோல் மருத்துவம், மூளை அறுவை போன்ற கடும் போட்டித் துறைகளில் ரெசிடென்சிக்கு ஆள் எடுப்பவர்கள் கல்லூரிப் பெயரையும், அத்துறை மூத்த பேராசிரியரின் சிபாரிசுக் கடிதத்தையும் முன்பைவிட உற்றுப் பார்ப்பார்கள் என்பதை மறுக்க முடியாது. அடுத்த தேர்வான ஸ்டெப் 2-க்கு இன்னும் மதிப்பெண் உண்டு, அது ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும், இப்போதே மூளை அறுவைதான் என்றோ ஆய்வுக்கூட வாழ்க்கைதான் என்றோ முடிவு கட்டிய பிள்ளை, அத்துறையில் ரெசிடென்சியே இல்லாத புதுக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. அப்படி முடிவு கட்டியவர்கள் சிலர். அந்தச் சிலருக்கான வாதத்தை எல்லாப் பிள்ளைகள் தலையிலும் ஏற்றுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

இலவசம் என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. பாசடேனாவின் கைசர் கல்லூரியில் முழு விலக்கு 2024 வரை சேர்ந்தவர்களுக்குத்தான். பிறகு வந்தவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி. ஆகவே அடுத்த முறை போனில் பேசும்போது, விலக்கு எந்த பேட்ச் வரை, ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தால் அதற்கும் உண்டா, வீட்டு வாடகையும் சாப்பாடும் யார் பொறுப்பு, வார்டு எந்த ஆஸ்பத்திரியில் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில்களைக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
கலிஃபோர்னியாவிலிருந்து உங்கள் உறவினன்