அவருக்கு மாற்றல்... உங்களுக்கு?

கணவருக்கு வெளிநாட்டு மாற்றல் என்றதும் வீட்டில் கேசரி கிளறுகிறோம். அடுத்த வாரமே மனைவி வேலையை ராஜினாமா செய்துவிடுகிறார். 'அங்கே போனா ஏதாவது கிடைக்காமலா போயிடும்?' என்று ஆளாளுக்குத் தைரியம் சொல்கிறார்கள். இந்த அவசரம் கூடாது என்பது என் கருத்து.

'சித்த வைத்தியருக்கு விசா விஷயத்தில் என்ன வேலை?' என்பீர்கள். லீவில் ஊருக்கு வரும் பெண்கள் சிலர் நாடி பார்க்க வருகிறார்கள். தூக்கமில்லை, பசியில்லை, உடம்பெல்லாம் வலி என்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் விஷயம் வெளியே வரும். பல வருஷம் கை நிறையச் சம்பாதித்தவர், இப்போது செருப்பு வாங்கவும் கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சித்த மருத்துவம் நித்திரையை உடம்பின் 14 வேகங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அது கெட்டால் மற்றதும் கெடும். சூரணம் தரலாம், போன வேலையை எந்தச் சூரணம் திருப்பித் தரும்?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைப்பது ஹெச்-4. அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அங்கீகாரமானது போன்ற சில நிலைகளில், 2015 முதல் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கம்பெனியே தன் கிளைக்கு எல்-1 விசாவில் அனுப்பினால் துணைக்கு எல்-2. இவர்கள் அந்த அட்டைக்காகக் காத்திராமல் வேலையில் சேர 2021 நவம்பரில் வழி பிறந்தது. விசாவில் ஓர் எழுத்து மாறினால் உங்கள் தினசரி வாழ்க்கையே மாறிவிடுகிறது, பாருங்கள்!

சிங்கப்பூரில் 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் ஓரிடத்தில் வேலைக்குச் சேரத் தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும். ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்காரரின் துணை வேலை பார்க்கத் தடையில்லை. ஆனால் பாஷை வேண்டுமே!

அனுமதி கிடைத்தாலும் படிப்பு செல்ல வேண்டும். அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கு என்க்ளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவப் பட்டத்தை மட்டும் நம்பி அங்கே டாக்டர் என்று போர்டு மாட்ட முடியாது.

ஆகவே, கணவர் சம்மதக் கையெழுத்துப் போடும் முன்பே கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். எந்த விசா? துணைக்கு வேலை அனுமதி உண்டா? வர எத்தனை மாதமாகும்? மொழி வகுப்புக்கும் வேலை தேடவும் உதவுவார்களா? புறப்பட்ட பிறகு கேட்டால் பதில் வராது.

உங்கள் ஆபீஸில் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டே ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள். பட்டம், அனுபவச் சான்றிதழ்களுக்கு எந்த அத்தாட்சி தேவை என்று கேட்டு, இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அனுமதி வரும்வரை அங்கே ஒரு படிப்பில் சேரலாமா என்றும் பாருங்கள். திருட்டுத்தனமாக வேலை பார்ப்பது மட்டும் வேண்டாம். உங்கள் விசாவுக்கே ஆபத்து.

தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், 'ஊர் மாறினால் அப்படித்தான்' என்று விடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மனைவிக்கு மாற்றலாகி உடன் போகும் கணவருக்கும் இதெல்லாம் பொருந்தும். சம்பளக் கணக்குப் போடும்போது, நின்றுபோகிற இன்னொரு சம்பளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் லாபம் என்று இருவருக்கும் தோன்றினால் சந்தோஷமாகப் பெட்டி கட்டுங்கள்.