உத்தியோகம் தற்காலிகம், தவணை மட்டும் இருபது வருஷமா?

வீட்டுக் கடன் கேட்டு பாங்கு வாசலை மிதிக்கும் தொழிலாளியிடம் முதலில் கேட்கிறார்கள்: "வேலை நிரந்தரமா?" புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்தவன் என்றால் பேச்சு அதோடு சரி. ஆறு மாதச் சம்பளச் சீட்டு எங்கே? இரண்டு வருஷத்துப் பாரம் 16 எங்கே? வேலை ஊர்ஜித உத்தரவு வந்துவிட்டதா? வந்த பிறகு வா!

கடன் கொடுப்பவன் விசாரிப்பது நியாயந்தானே என்று சிலர் சொல்லக்கூடும். நியாயந்தான். ஆனால் நிரந்தர வேலையை ஒழித்தது யார்? 2018 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை போட்டு, எல்லாத் தொழில்களிலும் குறித்த காலத்துக்கு மட்டும் ஆள் எடுத்துக்கொள்ள முதலாளிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதற்கு முத்திரை குத்தியது. நிரந்தரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களே நிரந்தரத்துக்குச் சான்று கேட்கிறார்கள். என்ன கூத்து இது!

நெல்லை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் நமது மயிலாடுதுறைப் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் ரயில் ஏறுகிறார்கள். காண்டிராக்ட் முடிந்தால் வேறு கம்பெனி. மறுபடியும் "புதிய ஊழியர்".

சரி, மனு தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டின் விலை 20 லட்சம். ரிசர்வ் பாங்கு விதிப்படி இதில் நூற்றுக்கு 90-க்கு மேல் கடன் கிடையாது. 2 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 1 லட்சத்து 80 ஆயிரம். வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பாதவன் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு எங்கே போவான்? தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. பாக்கி 18 லட்சத்துக்கு, 8.5 சதவீத வட்டியில், மாதம் 15,621 ரூபாய் வீதம் 20 வருஷம் கட்டினால் ஏறக்குறைய 37.5 லட்சம். தனக்கு ஒரு வீடு, பாங்குக்கு ஒரு வீடு!

அந்த வட்டியாவது ஸ்திரமா? 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5-க்கு ஏறியது. 2025-ல் இறங்கியது உண்மைதான். ஏறியபோது நீண்டுபோன தவணைகளைக் கட்டியவன் தொழிலாளி.

நம் ஊருக்கென்று இன்னொரு இடைஞ்சலும் உண்டு. கோயில் மனை, மடத்து மனைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போர் ஏராளம். சுவர் அவர்களுடையது, மண் அவர்களுடையதல்ல. பட்டா இல்லாத மண்ணை எந்த பாங்கு ஈடு வாங்கும்? வேலையும் நிரந்தரமாகி, சம்பளமும் போதுமானதாக இருந்தும் கடன் கிடையாது. விவசாயத் தொழிலாளியின் குடிசை மனைக்கு 1971-ல் சட்டம் உரிமை தந்தது. கீழத்தஞ்சையில் ரத்தம் சிந்திய பிறகே அது வந்தது, தானாக வரவில்லை.

பெரிய முதலாளிகளிடம் இந்தக் கெடுபிடி உண்டா? 2014-15 முதல் பத்து வருஷத்தில் பாங்குகள் ஏட்டிலிருந்து நீக்கிய கடன் 16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பாதிக்கு மேல் பெருந்தொழில்களும் சேவை நிறுவனங்களும் வாங்கியது. நாடாளுமன்றத்தில் சர்க்காரே சொன்ன கணக்கு இது. "நீக்கியதுதான், தள்ளுபடியல்ல" என்று வியாக்கியானம் வேறு! தவணை தவறிய குமாஸ்தாவுக்கு வியாக்கியானம் இல்லை. 2002-ம் வருஷச் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ்தான்.

சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் பாருங்கள், உத்தரவின் பெயரைப் பார்க்காதீர்கள் என்கிறோம். கோயில் மனையில் இருப்போருக்கு நியாய விலையில் மனை உரிமை கொடுங்கள் என்கிறோம். முன்பு கடன் வாங்கியதில்லை என்பதற்காக மட்டும் முதல் மனுவைத் தள்ளக்கூடாதென்று ரிசர்வ் பாங்கே கூறியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதன் விதிதான். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் நகராதீர்கள், தோழர்களே. எழுதி வாங்குங்கள், அந்தத் தாளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.